வீடு காலி! சாதி...?

“தம்பி, நீங்க என்ன ஆளுங்க?”

மனிதர்கள்தாம், ஐயா – என்று விடை கூறிப் பாருங்கள். சிரிப்பார், சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை மீண்டும் இடுப்பில் செருகிக்கொள்வார். “இல்லே, சும்மா கேட்டேன்” என்பார். சும்மாவாம்! சும்மா கேட்ட கேள்விக்குச் சுவையான விடை கிடைக்காத காரணத்தால், சற்றுமுன் வரை காலியாக இருந்த வீடு கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். “மச்சினர் பையன் வரப்போறதா நேத்துத்தான் சொன்னாங்க, நானே மறந்துட்டேன்.” வராத மச்சினர் பையனுக்காக, வந்து நிற்கும் மனிதன் வாசலோடு அனுப்பப்படுவான்.

கேள்வி ஒன்றுதான், அது பூணும் வேடங்களோ பலப்பல. “சொந்த ஊர் எது?” என்று தொடங்கும். ஊர்ப் பெயரைக் கூறினால் போதாது. “அந்த ஊர்லே எந்தத் தெரு?” என்று நெருங்கும். தெருவிலும் தெளிவு பிறக்கவில்லையெனில், “அப்பா என்ன பண்றாங்க? குலதெய்வம் எது?” என்று குடையும். தபால்காரருக்குக்கூடத் தேவைப்படாத அத்தனை விவரம், வாடகைக்கு வீடு விடுபவருக்குத் தேவைப்படுகிறது! ஊதியம் எவ்வளவு, மாதந்தோறும் வாடகை தவறாது வருமா, வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பாயா – இவை கேட்கத்தக்க கேள்விகள். இவற்றை அவர் கேட்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடுகிறார்.

இந்த விசாரணை நடப்பது எங்கே? பஞ்சாங்கத்தைத் தவிர வேறு ஏடறியாத பட்டிக்காட்டிலா? இல்லை, தோழர்களே! நெய்வேலியின் வாசற்படியில்!

நெய்வேலி எத்தகைய ஊர் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுமா? தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்த பொருளைக் கண்டு, இது வெறும் மண்ணன்று என்று விடாது எடுத்துச் சொன்னவர் ஜம்புலிங்க முதலியார். அது 1930-களின் நிகழ்ச்சி. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14-இல், பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே திங்களில் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். செர்மன் நாட்டு எந்திரங்கள் வந்தன. வாளிகள் கோத்த பெருஞ்சக்கரங்கள் சுழன்று மண்மலைகளைக் கரைத்தன. சோவியத் நாட்டின் துணையோடு அனல்மின் நிலையம் எழுந்தது; 1962-இல் மின்சாரம் பிறந்தது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம், அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020-இல் ஓய்வு பெற்றது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு பொங்கி நிற்கிறது. இரவு பகல் இறைத்து அதை அடக்கினாலன்றி ஒரு கூடை கரியும் வெளிவராது. அதையும் அடக்கினார்கள்! பூமிக்குள் பொங்கும் அழுத்தத்தை அடக்கும் வித்தை கைவந்தது. வாசற்படியில் பொங்கும் சாதிச் செருக்கை அடக்கும் வித்தை மட்டும் கைவரவில்லை.

நகரியத்திற்குள் நிலைமை வேறு. அங்கே வட்டம் வட்டமாக வகுத்துக் குடியிருப்பு அமைத்தனர்; மரநிழல் சாலைகள், பள்ளிகள், சந்தை எல்லாம் உண்டு. வீடு ஒதுக்குவது பதவியைப் பார்த்து, பணிக்காலத்தைப் பார்த்து. உயர்ந்த பதவிக்குப் பெரிய வீடு, கடைநிலைப் பணிக்குச் சிறிய வீடு – அதிலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசலாம். ஆயினும் பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாதி என்பதைத் தெரிந்துகொண்டு குடியேறும் ‘பாக்கியம்’ அங்கே எவருக்கும் இல்லை. மலையாளியும் தெலுங்கரும் வடநாட்டாரும் தமிழரும், ஒரே சுவரின் இருபுறமும் குடும்பம் நடத்துகின்றனர். சுவர் இடிந்து விழவில்லை! கூரை கோபித்துக்கொள்ளவில்லை!

ஆனால் நகரியத்து வீடு நிறுவன ஊழியருக்கு. நம்மைப் போன்ற வெளிப்பள்ளி ஆசிரியர், கடைச் சிப்பந்தி, ஒப்பந்தத் தொழிலாளருள் பெரும்பாலோர் – இவர்களெல்லாம் வேலிக்கு வெளியே போயாக வேண்டும். மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து, வடலூர் என்று தெருத்தெருவாகத் திரிந்து, ‘டு-லெட்’ பலகையைக் கண்ட இடத்திலெல்லாம் கைகூப்பி நிற்க வேண்டும். சுரங்கத்திற்காகத் தம் வீட்டையும் வயலையும் கொடுத்துவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கொடுமை முடிந்துபோன கதையுமன்று. 2023 சூலையில், வளையமாதேவிப் பக்கத்தில், கால்வாய்க்காக விளைந்த நெற்பயிர் மீது எந்திரம் இறங்கியதை நாடே கண்டது. நிலத்தை இழந்தவனிடம், ‘நீ எந்தத் தெரு?’ என்று கேட்கும் துணிவும் இந்த நாட்டில் உண்டு. தெருவே போய்விட்டது, ஐயா! எதைச் சொல்வான்?

தூத்துக்குடியிலிருந்து இந்தப் பகுதிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வகையில், நாமும் இந்தக் கல்வியைக் கற்றோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின. முந்தின இரவு முத்துநகர் வண்டி, விடியுமுன் விருத்தாசலம், அங்கிருந்து பேருந்து, பல் துலக்கப் பேருந்து நிலையத்துக் குழாய். கைப்பேசியில் வந்த படத்தில் வெள்ளை வெளேரென்று மின்னிய கூடம், நேரில் கண்டபோது கரி படிந்து கசிந்துகொண்டிருந்தது. படம் எடுத்தது வீடு கட்டிய ஆண்டிலாம்! அது முதல் ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு, நம் வண்டி திண்டுக்கல்லைத் தாண்டுமுன்பே வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அதைச் சொல்ல ஓர் அழைப்புக்கூட இல்லை. வீடு காட்டுவதற்கென்று ஐந்நூறு ரூபாய் வாங்கிய தரகர், வீடு இல்லையென்று காட்டியதற்காக அதைத் திருப்பித் தரவில்லை. இவையெல்லாம் அலைச்சல், அலுப்பு, தொலைவிலிருந்து வருபவன் தலைவிதி என்று சொல்வார்கள். விதியன்று, வெறும் பொறுப்பின்மை. பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மூன்றாம் ஞாயிறு.

அந்த வீட்டுக் கூடத்தில் பகுத்தறிவுத் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. மாலைகூடப் புதிது. நமக்கோ மனம் குளிர்ந்தது. வீட்டுக்காரர் தேநீர் கொடுத்தார். பள்ளிக்கூடங்களின் நிலை குறித்துப் பேசினார். நாட்டு நடப்பு குறித்து நம்மிலும் சூடாகப் பேசினார். பேச்சின் கடைசியில் மெல்ல, மிக மெல்ல, “நமக்கொண்ணும் இல்லே தம்பி. வீட்டிலே பொம்பளைங்க பார்ப்பாங்க. நீங்க...?” என்று இழுத்தார். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம், இந்த ஏட்டிலும் எழுதமாட்டோம். சொன்னால் ஒருவேளை வீடு கிடைத்திருக்கும், ஒருவேளை கிடைத்திராது. கிடைத்திருந்தால் அது நமக்குக் கிடைத்த வீடாகாது, நம் பாட்டனின் சாதிக்குக் கிடைத்த வீடாகும். அப்படியொரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்த நமக்குக் கை வராது.

வீட்டிலே பொம்பளைங்க பார்ப்பாங்களாம்! ஆணின் கோழைத்தனத்துக்குப் பெண்ணின் முந்தானையா மறைவிடம்? அந்த அம்மையார் உள்ளேயிருந்து வந்து, “சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி” என்று அழைத்ததை மட்டும் இங்கே குறிப்பிட்டு நகர்கிறோம்.

நான்காம் ஞாயிறு ஆடி பிறந்துவிட்டது. வீடு உண்டு, விலை படிந்தது, விசாரணையும் இல்லை. ஆனால் ஆடியில் யாரும் குடி புகக்கூடாதாம்! ஆவணி முதல் வெள்ளி பால் காய்ச்சலாமாம். அதுவரைக்கும் வாடகை மட்டும் ‘பிடித்து வைப்பதற்காக’க் கொடுத்துவிட வேண்டுமாம். குடி புகுவதற்கு ஆகாத ஆடி, வாடகை வாங்குவதற்கு ஆகும்! நாள் பார்க்கும் பஞ்சாங்கம் பணம் பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும்! பள்ளிகள் திறப்பது சூனில். மாற்றல் ஆணைகள் கோடையிலும் அதையடுத்தும் வருகின்றன. ஆணை பெற்றவன் ஆவணி வரை எங்கே படுப்பான்? விடுதி அறையில், பாதிச் சம்பளத்தைப் படுக்கைக்குக் கொடுத்துவிட்டுப் படுப்பான். ஆடியில்லாவிட்டால் மார்கழி. மார்கழியில்லாவிட்டால் கரிநாள். எல்லாம் சரியாக அமைந்தால், வாசல் தெற்கு நோக்கியிருக்கிறது என்று வீட்டுக்காரரே வாஸ்துவுக்காக ஓர் அறையைப் பூட்டிவைத்திருப்பார். பூட்டிய அறைக்கும் சேர்த்தே வாடகை!

எந்த ஊரில் இது? ஒரு நாளில் மூன்று முறை மாற்றாள் ஏறும் ஊரில்! இராகு காலத்தில் சுரங்கச் சக்கரம் நிற்கிறதா? அமாவாசை இரவில் கொதிகலன் அணைகிறதா? எமகண்டத்தில் பிறந்த மின்சாரம் என்பதற்காக எந்த வீட்டு விளக்காவது எரிய மறுத்ததுண்டா? அந்த மின்சாரத்தின் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பஞ்சாங்கம் புரட்டப்படுகிறது.

‘சுத்த சைவம் மட்டும்’ என்பது இன்னொரு பூட்டு. உணவு அவரவர் விருப்பம் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி மணக்கும் வீட்டுக்காரரே மாடிப் பகுதிக்குக் குடிவருபவரிடம், “அசைவம்னா... எது எது?” என்று நுணுக்கமாக ஆராய்கிறார். ஆடு ஆகும், கோழி ஆகும், மீன் ஆகும். அந்த ‘எது எது’வில்தான் சாதியும் மதமும் ஒளிந்துகொண்டிருக்கின்றன. நாவைக் கேட்பதுபோல் நடித்துப் பிறப்பைக் கேட்கும் வஞ்சகம் அது. அருகேயுள்ள வடலூரில் 1867-இல் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. அவர் புலாலை மறுத்தவர், அதில் விட்டுக்கொடுக்காதவர். ஆயினும் பசியோடு வந்தவன் யார், எவர் என்று ஆராய்ந்த பின் சோறு போடுங்கள் என்று அந்த அடுப்பின் முன் எவரையும் நிறுத்தவில்லை. அதே வடலூரில் ‘சைவம் மட்டும்’ பலகையைத் தொங்கவிடுவோர் அடிகளாரைத் துணைக்கழைக்க வேண்டாம்.

தொலைவிலிருந்து வேலைக்கு வந்தவன் தங்க இடமின்றித் தவித்த கதைகளில், இந்நாடு மறக்கக்கூடாத கதை ஒன்று உண்டு. ஆண்டு 1917. அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் செல்கிறார். ஊரில் எந்த இந்து விடுதியும் அவரை ஏற்காது. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைச் சூடிக்கொண்டு தங்குகிறார். சில நாட்கள்தாம். தடியேந்திய கூட்டம் மாடிப்படி ஏறி வருகிறது, ‘நீ யார்?’ என்கிறது, மாலைக்குள் வெளியேறு என்கிறது. நண்பர் ஒருவர் இந்து, மற்றொருவர் கிறித்தவர், இருவரிடமும் இடம் கேட்கிறார், இருவரும் கைவிரிக்கின்றனர். பொதுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பொழுதைக் கழித்து, அன்றிரவே பம்பாய்க்கு வண்டியேறுகிறார். அவர் யாரென்று சொல்ல வேண்டுமா? அண்ணல் அம்பேத்கர்! உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் திறந்த கதவுகள். பரோடாவில் ஒரு வாடகை அறையின் கதவு திறக்கவில்லை. பிற்காலத்தில் இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கியது அந்தக் கைதான்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? 15-ஆம் பிரிவு கடைகளைச் சொல்கிறது, உணவகங்களைச் சொல்கிறது, கிணற்றையும் குளத்தையும் சாலையையும் சொல்கிறது. இவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக்கூடாது. வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் – 1976-இலிருந்து குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் – ஒருபடி மேலே போயிற்று: எந்தப் பகுதியிலும் குடியிருப்பில் வாழ்வதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்றது. நல்ல சட்டந்தான். ஆனால் குற்றவாளி, ‘தீண்டாமையால் மறுக்கிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டா தருகிறான்? ‘மச்சினர் பையன் வருகிறான்’ என்கிறான். மச்சினர் பையனை எந்த நீதிமன்றம் கூண்டில் ஏற்றும்?

தமிழ்நாட்டில் 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. கூடவே, ‘வேறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்று ஒரு சன்னலையும் திறந்துவைத்திருக்கிறது. அந்தச் சன்னல் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே நுழைகிறது! சரி, பணத்தைப் பற்றி இவ்வளவேனும் பேசிய சட்டம், வீடு கேட்டு வந்தவனின் சாதியைக் கேட்காதே, மதத்தைக் கேட்காதே என்று ஒரு வரி பேசியிருக்கக் கூடாதா?

பேசவில்லை. பேசாததன் விளைவு என்ன? 2005-இல், அகமதாபாத்துப் பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், எங்கள் சமயத்தாரைத் தவிர வேறெவரும் உறுப்பினராகக் கூடாது என்ற சங்க விதி செல்லும் என உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தனியார் சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கம், அவர்கள் விருப்பம் என்பது வாதம். தனியார் விருப்பம்! நாட்டிலுள்ள வீடுகளில் பெரும்பகுதி தனியாருடையதுதானே? அந்த விருப்பமெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்தால் அதற்குப் பெயர் சேரி, அதற்குப் பெயர் அக்கிரகாரம். தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவர்தம் குழுவினரும் 2012-இல் ஆய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவையும் எண்ணிப் பாருங்கள். ஒரே தகுதி, ஒரே வேலை. பெயர் மட்டும் வேறு. வீடு கேட்டதில் தலித் பெயருக்குக் கதவு சாத்தப்பட்டது. முஸ்லிம் பெயருக்கு அதைவிட மிகுதியாகச் சாத்தப்பட்டது. படித்தவர் வாழும் நகரங்கள்!

வெள்ளையரை நிறவெறியர் என்று நாம் ஏசுகிறோம். ஏசத்தக்கதுதான். இலண்டன் வீடுகளின் சன்னலில் ஒரு காலத்தில் ‘கறுப்பருக்கு இடமில்லை’ என்ற அட்டை தொங்கியது. நம்மவரும் அதைக் கண்டு கலங்கினர். 1968-இல் பிரிட்டன் சட்டம் இயற்றி, நிறத்தின் பேரால் வீடு மறுப்பதைத் தடைசெய்தது. அதே 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரு வாரத்திற்குள், அமெரிக்காவில் வீட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டம் வந்ததும் நிறவெறி செத்துவிடவில்லை. அது நமக்குத் தெரியும். ஆனால் மறுக்கப்பட்டவன் ‘இது குற்றம்’ என்று சொல்லிக்கொண்டு ஏற ஒரு படிக்கட்டு கிடைத்தது. இங்கே அந்தப் படிக்கட்டும் இல்லை.

வீட்டுக்காரர் தரப்பில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. ஓய்வுக்காலப் பணத்தைக் கொட்டி மாடி கட்டியவர் அவர். குடிவந்தவன் காலி செய்ய மறுத்தால் வழக்கு, வாய்தா, வருடங்கள். வாடகை பாக்கி வைத்து ஓடியவன் கதையைத் தெருவுக்கு ஒன்று சொல்வார்கள். அச்சம் உண்மைதான். ஆனால், பெரியீர்! பாக்கி வைப்பவன் எந்தச் சாதியில் பிறக்கிறான்? காலி செய்ய மறுப்பவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான்? உங்கள் ‘சொந்த ஆள்’ உங்களை நீதிமன்றம் ஏற்றியதே இல்லையா? அச்சத்துக்கு மருந்து பதிவு செய்த ஒப்பந்தம், அளவான முன்பணம், முன்பு குடியிருந்த வீட்டாரிடம் ஒரு விசாரிப்பு. வடக்குத்தில் நமக்குக் கடைசியில் வீடு தந்த மூதாட்டி கேட்டது ஒரே கேள்வி: “அஞ்சாந்தேதிக்குள்ளே வாடகை வந்திடுமா தம்பி?” வந்துகொண்டிருக்கிறது. எழுத்தறியாத அந்தத் தாய்க்குத் தெரிந்த வணிக முறை, கூடம் நிறையப் படம் மாட்டியவருக்குத் தெரியவில்லை.

1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கெதிராகப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். பலகை கண்ணுக்குத் தெரிந்தது, அழிக்க முடிந்தது. இன்றைய பலகை வீட்டுக்காரரின் நாக்கின் அடியில் தொங்குகிறது. எதிரியும் அன்றுபோல் எளிதாய் அடையாளம் காட்டக்கூடியவனல்லன். ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் ‘நம்ம ஆளுங்க’ பலகையை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலேயுள்ளவன் மிதித்தால் வலிக்கிறது. கீழேயுள்ளவனை மிதிக்கையில் மட்டும் கால் சுகமாயிருக்கிறது!

அரசு கட்டிய வீட்டில் இது செல்லாது என்பதை நாம் கண்டிருக்கிறோம். கலைஞர் ஆட்சியில் 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் ஊருக்கு நூறு வீடுகள்: நாற்பது தாழ்த்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு, பத்து ஏனையோர்க்கு, சுடுகாடும் ஒன்றே. திட்டத்தில் குறைகள் உண்டு. பழுது பார்க்கப்படாத வீடுகள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைச் சாதியின் கையிலிருந்து பறித்த திட்டம் அது. சொந்த வீடு தரும்போது அரசுக்கு வந்த அந்தத் துணிவு, வாடகை வீட்டுச் சட்டம் எழுதும்போது எங்கே போயிற்று? 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கட்டும்: சாதி, மதம், உணவு, மணமானவரா மணமாகாதவரா என்பவற்றைக் காட்டி வீடு மறுத்தலாகாது, விளம்பரத்தில் அவற்றைக் குறித்தலாகாது, தரகர் அவற்றைக் கேட்டால் தண்டம். வாடகை அதிகாரி என்றொருவர் அச்சட்டத்தின்படியே இருக்கிறார். முறையீட்டை அவரே விசாரிக்கட்டும். கணவனை இழந்த பெண்ணும், தனியே வாழும் ஆசிரியையும், முஸ்லிம் இளைஞனும், சேரியிலிருந்து வந்த பொறியாளனும் அந்த மேசை முன் நின்று கேட்கட்டும்: அந்த மச்சினர் பையன் வந்துவிட்டானா, ஐயா?

சட்டம் வரும்; வரச் செய்ய வேண்டும்; அதற்குக் கூட்டம் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னதாக, இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்களிடம் ஒரு விசாரணை. உங்களுள் பலருடைய வீட்டில் மாடிப் பகுதி உண்டு, பின்கட்டு உண்டு, அதில் வாடகைக்கு ஆள் உண்டு. இப்போது அங்கே குடியிருப்பவர் யார்? அவருக்கு முன்பு இருந்தவர் யார்? அதற்கும் முன்பு? கடைசியாக வீடு பார்க்க வந்து திரும்பிப் போனவரிடம் உங்கள் தந்தை முதலில் கேட்டது என்ன? அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் இருந்த நீங்கள் எந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள்?